சின்னம்மாவின் பழைய நம்பர்

கண்டியில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தே தலை நரைத்தவன் நான். வருடா வருடம் முதலாம் தவணையில் கரும்பலகையில் முழுமைப் போட்டிச் சந்தையின் இயல்புகளை எழுதுவேன். வாங்குவோர் பலர், விற்போர் பலர், எல்லோருக்கும் சந்தை பற்றிய பூரண அறிவு, உள்நுழையவும் வெளியேறவும் தடையில்லை. பிள்ளைகள் அதை ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, பல்கலைக்கழகம் போய், இன்று வங்கிகளில் பெரிய கதிரைகளில் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதை அரைவாசி நம்பித்தான் எழுதினேன். பிறகு அந்த 'வெளியேறவும்' வருகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வரத் தொடங்கியது. பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

போன வருடம் ஒரு பழைய மாணவன் பிடிவாதமாக என்னை ஒரு கருத்தரங்குக்கு இழுத்துப் போனான். இணையத்தை யார் ஆள்வது என்பது தலைப்பு. ஒருவர் யாரும் ஆளக்கூடாது என்றார். இன்னொருவர் அரசாங்கம் ஆளவேண்டும் என்றார். மூன்றாமவர், கழுத்துப்பட்டி கட்டியவர், சந்தை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்றார். நான் பெற்றீஸ் சாப்பிட்டுத் தேநீரும் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். கண்டிப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த கிழமையில் அரசாங்கம் செயலிகளை எல்லாம் ஒரேயடியாக மூடியது எனக்கு நினைவிருக்கிறது. எரிக்க வந்தவர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்துத் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் எதுவும் வேலை செய்யவில்லை. போட்டிபோட்டு விளம்பரம் செய்த கம்பனிகள் அன்றைக்கு மட்டும் போட்டியே இல்லாமல் ஒன்றாக மூடின.

ஆனால் என் கோபம் அதைவிடப் பழையது. அது யுத்த காலத்தில், ஒரு சிம்மில் தொடங்கியது.

அப்போது நாங்கள் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். நானும் மனைவியும் வடக்கிலிருந்து உத்தியோகத்துக்காக வந்து கண்டியிலேயே தங்கிப்போனவர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியின் அக்காவின் மகள், எங்கள் பெறாமகள், கிளிநொச்சியிலிருந்து வந்து எங்களோடு நின்று கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தது அவளால்தான். என்னைச் சித்தப்பா என்றும் மனைவியைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டுக்கொண்டு, என் சவரக் கண்ணாடியில் பொட்டு ஒட்டிவைப்பாள்.

வீட்டுக்கு ரெலிபோன் இணைப்புக் கேட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பித்து, அதை மறந்து, வீடும் மாறி, அதற்குப் பிறகுதான் பழைய வீட்டுக்கு ஆள் வந்து கம்பி இழுத்த கதையும் எங்களிடம் உண்டு. ஆகவே தனியார் கம்பனிகள் வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். பாலத்தடியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா என்னைக் கண்டதும் கை காட்டிக் கூப்பிட்டார்.

"சேர், ஒண்டு எடுத்தா ரெண்டு சும்மா. மூணுக்குள்ளயும் பேசினா காசே இல்ல. ஐடென்டிய மட்டும் தாங்க, டீ குடிச்சி முடிக்கிறதுக்குள்ள செஞ்சித்தாரன்."

சொன்னபடியே தேநீர் முடிவதற்குள் மூன்று சிம்மும் கைக்கு வந்தன. மூன்றும் என் பெயரில். கிளிநொச்சி விலாசம் போட்ட அடையாள அட்டையை எந்த மேசையிலும் நீட்டப் பெறாமகளுக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்த வேலைதான் அது. கண்டி விலாசம் உள்ள ஒருவரின் பெயரில் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோருடைய போனும் இருக்கும். அதை யாரும் பிழை என்று நினைக்கவில்லை.

இலக்கங்கள் அடுத்தடுத்து வந்திருந்தன. அவள் கடை வாசலிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"சின்னம்மா, என்ர நம்பரின்ர கடைசியில ஒண்டைக் கூட்டினா உங்கட நம்பர். செத்தாலும் மறக்கமாட்டன்."

"செத்தாலும் எண்டு சொல்லாதை" என்று மனைவி அவளுடைய தோளில் தட்டினாள்.

அடுத்த வருடம், பிள்ளையின் தாய், மனைவியின் அக்கா, வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் இருக்கிறா என்று ஆள் மூலம் செய்தி வந்தது. பெறாமகள் பஸ் ஏறினாள். பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றுதான் போனாள், உடுப்பெல்லாம் அலுமாரியில் இருந்தது. போனையும் கொண்டு போனாள். அவள் போன பிறகு சண்டை மூண்டு வடக்குப் பாதையை மூடிவிட்டார்கள். அங்கே போன் கோபுரமும் இல்லை, சிக்னலும் இல்லை. கடிதமும் வராமல் நின்றது. வானொலியில் இடங்களின் பெயர்கள் மட்டும் வந்தன. அவை ஒவ்வொன்றாக அவளுடைய ஊருக்குக் கிட்டக் கிட்ட வந்தன.

"அங்கால இருந்து வெளியில வந்தாளெண்டா முதல் எனக்குத்தான் கோல் எடுப்பாள்" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டு போய் யன்னல் விளிம்பில் வைத்தாள். கோவிலுக்குப் போனால் மடியில் வைத்துக்கொண்டு கும்பிட்டாள். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்பதை எங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்தப் போன்தான்.

எனக்கு வேறு பயமும் இருந்தது, அதை மறைக்கவில்லை. குண்டுகள் வெடித்த காலம். பாலத்தில் படையினர் பஸ்ஸை மறித்துத் தமிழரை இறக்குவார்கள். போனை வாங்கிப் பார்த்து, இது உன்னுடையதுதானா, பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். தன் பெயரில் எடுத்த சிம்மை வேறொருவருக்குக் கொடுத்ததற்காக உள்ளே போனவர்களின் கதை வாரத்துக்கு ஒன்று காதில் விழும். என் பெயரில் ஒரு சிம், இயக்கத்தின் பிடியில் உள்ள வன்னியில், கிளிநொச்சியில் இருக்கிறது. அது எந்தக் கையில் இருக்கிறதோ, அந்தக் கை செய்வதெல்லாம் நான் செய்தது. இரவில் அல்ல, பகலில், வகுப்பில் நின்று கேள்வி வளைகோடு, அதாவது விலைக்கேற்பத் தேவை மாறுகிற கோடு, கீறும்போதுதான் அந்த எண்ணம் வரும்.

அந்த நேரத்தில்தான் அறிவித்தல் வந்தது. எல்லோரும் தங்கள் சிம்களைக் கொண்டுவந்து மீண்டும் பதியவேண்டும், பதியாதவை துண்டிக்கப்படும். எந்தக் கம்பனிக்கு மாறினாலும் இதே கதைதான். சுதந்திரச் சந்தையில் எனக்கிருந்த தெரிவு, எந்த நிறச் சுவர் உள்ள கடையில் வரிசையில் நிற்பது என்பதுதான்.

கம்பனியின் கண்டி நகரத்துக் கிளையில் தமிழ் பேசும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பக்கத்து மஹய்யாவைப் பகுதிப் பிள்ளை, என் பாடசாலையில் படித்தவள், நான் படிப்பிக்கவில்லை. எழும்பி நின்று வரவேற்றாள்.

"வாங்க சார். மூணு சிம்மையும் கொண்டாந்தீங்களா?"

"ரெண்டுதான் இருக்கு பிள்ளை."

"பேக்கேஜ்ல மூணு காட்டுது சார். மூணும் இருந்தாத்தான் பதியலாம். இல்லாட்டி மூணையும் வெட்டிட்டு புது நம்பர் குடுப்போம். புது நம்பருக்குக் காசு இல்லைங்க சார், ஃபிரீதான்."

"எனக்குப் புது நம்பர் வேண்டாம். என்ர நம்பரை வெட்டுங்கோ, மற்றதையும் வெட்டுங்கோ. மனிசியின்ர நம்பரை மட்டும் விடுங்கோ."

"ஒரே பேக்கேஜ் சார். தனியா விட முடியாது."

"மற்றதைத் துலைச்சுப்போட்டன் எண்டு எழுதித் தந்தா?"

"அப்ப பொலிஸ் என்ட்ரி வேணும் சார்."

வன்னியில் இருக்கிற சிம்மைக் கட்டுகஸ்தோட்டையில் தொலைத்தேன் என்று பொலிசில் போய்ச் சொல்வது எப்படி? நாளைக்கு அது எங்காவது உயிர்பெற்றால்? அவள் குரலைத் தாழ்த்தி, "அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். நான் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. பிறகும் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். எனக்காக உண்மையாகவே முயன்றாள்.

"சிஸ்டம் எடுக்காது சார்" என்றாள் கடைசியில். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது.

வாங்க ஒரு தேநீர் நேரம். வைத்திருக்க முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. இலக்கம் எங்களுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது கம்பனியின் சொத்தாம், எங்களுக்குப் பாவனைக்குத் தந்ததாம், நான் கையெழுத்து வைத்த தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். பூரண அறிவுள்ள நுகர்வோன் நான். புது நம்பர்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "இனி அவள் ஆருக்கு எடுப்பாள்?" என்று மட்டும் கேட்டாள். அந்த மாதமே வீட்டுக்காரரும், பொலிஸ் அடிக்கடி வருகிறது, குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லி எங்களை வீட்டை விட்டு எழுப்பிவிட்டார். நகரத்தின் மறுபக்கத்துக்குப் போனோம். பிள்ளைக்குத் தெரிந்த விலாசமும் இல்லை, தெரிந்த நம்பரும் இல்லை.

மனைவி தினமும் வேலை முடிந்து கந்தோரால் வந்ததும் தன் பழைய நம்பருக்கு எடுத்துப் பார்ப்பாள். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொல்வாள். மனைவி மூன்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வைப்பாள். பல மாதம் அப்படிப் போனது. ஒருநாள் மணி அடித்தது. எடுத்தது ஒரு சிங்கள ஆண்குரல்.

என்னிடம் போனைத் தந்தாள். என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம், அதை வைத்து மெல்லக் கதைத்தேன். பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் காவல் வேலை செய்பவராம். அண்மையில்தான் சிம் வாங்கினாராம். இது முந்தி எங்கள் நம்பர், இதைத் திரும்பத் தர முடியுமா, என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை, ஐயா என்பதற்கு மஹத்தயா என்று மரியாதையாகவே பேசினார்.

"மஹத்தயா, என் மகன் படையில். வடக்கில் நிற்கிறான். இந்த நம்பரைத்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். வசதி கிடைக்கிற இடத்திலிருந்து எடுப்பான். நம்பரை உங்களுக்குத் தந்துவிட்டு, புது நம்பரை அவனுக்கு நான் எப்படிச் சொல்ல?"

ஒரு பொருள், அதைக் கேட்டு நிற்கிற கேள்வியாளர் இரண்டு பேர், விலையே இல்லாத சந்தை. என் பாடப்புத்தகத்தில் இதற்கு வளைகோடு கிடையாது. அதைவிட, அந்த மகன் நிற்கிற பக்கத்திலிருந்துதான் எங்கள் பிள்ளை இருக்கிற பக்கத்துக்கு ஷெல் குண்டு விழுகிறது. எனக்கு அந்த மனிதர் மீது ஆத்திரம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லையே என்பதால் ஆத்திரம் இன்னும் கூடியது. போனை வைத்துவிட்டேன்.

மனைவி விடவில்லை. அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது, பயமும் குறைவு. அடுத்த நாள் தானே எடுத்தாள். எங்கள் மகள் ஒருத்தி வடக்கில் அகப்பட்டிருக்கிறாள், வெளியில் வந்தால் இந்த நம்பருக்குத்தான் எடுப்பாள் என்று பச்சையாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று, வேண்டாம், யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று கை காட்டினேன். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அப்படி எடுத்தால் தான் என்ன சொல்லவேண்டும் என்று அவர் கேட்டாராம்.

பிள்ளைக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். ஆனால் அந்த இடத்திலிருந்து எடுப்பவள் சிங்களக் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள் என்று மனைவி நினைத்தாள். ஆகவே அவருக்குத் தமிழ் படிப்பித்தாள். "பிள்ளை, வைக்காதை. சின்னம்மாட நம்பர் தாறன்." இவ்வளவுதான். அவர் அங்கே சொல்ல, இவள் இங்கே திருத்தினாள். அவருக்கு அந்த 'ள'வோ 'ற'வோ கரைச்சல் இல்லை, வேகம்தான் வரவில்லை. படைக்கு ஆணை இடுவதுபோல் விட்டு விட்டுச் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் அவரே எடுத்து, சரியா பாருங்கள் என்று ஒப்புவித்தார். ஒருநாள் அப்படி ஒப்புவித்து முடித்துவிட்டு, மகன் எடுத்தான், சுகமாக இருக்கிறான் என்று சொன்னார். மனைவி சாமிக்கு விளக்கு வைத்தாள். அவள் அப்படித்தான்.

யுத்தம் முடியப் போகிறது என்று நகரத்தில் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். சனம் கடலோரமாகத் தப்பி வந்து முகாம்களில் அடைக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டோம். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவர் எடுத்தார். மனைவியை அவர் அம்மா என்பதுபோல நோனா என்றுதான் கூப்பிடுவார்.

"நோனா, எடுத்தாள். ஒரு பெண்பிள்ளை. சின்னம்மா என்று கேட்டாள். நான் சரியாகச் சொன்னேன் நோனா. நீங்கள் சொல்லித்தந்த மாதிரியே சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்."

அவள் எடுத்த இலக்கத்தை அவர் வாசித்தார். நாங்கள் உடனே எடுத்தோம். போனை அணைத்து வைத்திருந்தார்கள். முகாமில் யாரோ ஒளித்து வைத்திருந்த போனாக இருக்கும். திரும்பத் திரும்ப எடுத்தோம். அது பிறகு ஒருநாளும் உயிர்பெறவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று மனைவி ஒரு கிழமை அழுதாள், ஏன் வைத்தாள் என்று அடுத்த கிழமை அழுதாள். அவள் திரும்ப எடுக்கவே இல்லை. அந்த மனிதர் மாலை வேளைகளில் எடுத்து, இல்லை நோனா, இன்றைக்கும் இல்லை என்பார். அவருடைய மகனைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போகப்போக அவருடைய அழைப்பு குறைந்து, நின்றுபோனது. எங்களுக்கும் எடுத்துக் கேட்க மனம் வரவில்லை.

முகாமைத் திறந்து ஆட்களை விடத் தொடங்கிய பிறகு, பிள்ளை யாழ்ப்பாணத்தில் தகப்பன் வழி உறவினர் வீட்டில் இருக்கிறாள் என்று ஊர்க்காரர் ஒருவர் என் பாடசாலைக்கே வந்து சொன்னார். போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மெலிந்து, முடி வெட்டி, வேறு ஆளாக இருந்தாள். அக்கா வரவில்லை. அவவை எந்த மண்ணுக்குள் தாட்டது என்பதைப் பிள்ளை எங்களுக்குச் சொல்லும்வரை நாங்கள் கேட்கவில்லை.

பல நாள் கழித்து, முற்றத்தில் உடுப்புக் காயப்போடும்போது மனைவி கேட்டாள்.

"பழைய நம்பருக்கு எடுத்தனிதானே. ஏன் பிள்ளை வைச்சனி?"

அவள் கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு சிங்களவன் எடுத்தவன் சின்னம்மா. எடுத்த உடன, வைக்காதை, சின்னம்மாட நம்பர் தாறன் எண்டு தமிழில சொன்னவன். பாடமாக்கினமாதிரி. அங்க எங்களை விசாரிக்கிறவங்களும் அப்பிடித்தான், முதல் அன்பாத் தமிழில கதைப்பாங்கள். உங்களைப் பிடிச்சு, போனையும் பறிச்சு வைச்சுக்கொண்டு, என்னைத் தேடுறாங்கள் எண்டு நினைச்சன். சிம் சித்தப்பாட பேரில எல்லோ. நான் திரும்ப எடுத்தா, கடிதம் போட்டா, உங்களுக்குத்தான் இன்னும் அடி விழும் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

மனைவி ஈரச் சேலையை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் அந்தச் சேலையை எடுத்துத் திரும்ப அலசப் போட்டேன்.

அந்த ஆள் யார் என்று அவளுக்குச் சொன்னோம். முழுக்கக் கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "நான் அவரோட கதைக்கவேணும்" என்றாள். என் போனை வாங்கி, யாரிடமும் கேட்காமல், தன் பழைய நம்பரின் கடைசி இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டி அழுத்தினாள். அவளுக்கு மறக்கவில்லைத்தான். காதில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று அந்தப் பெண் சிங்களத்தில் சொன்னாள், தமிழில் சொன்னாள், இங்கிலிசில் சொன்னாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகனுக்காக வைத்திருந்த நம்பர் அது.

"மகன் வீட்டை வந்திருப்பான்" என்றாள் மனைவி. "வந்தாப்பிறகு அந்த நம்பர் ஏன்?"

நாங்கள் இருவரும் ஓம் என்று தலையாட்டினோம். கண்டியிலிருந்து பல்லேகலவுக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது, தொழிற்சாலை வாசல்களும் எண்ணிவிடக்கூடியவைதான். பெறாமகள் கலியாணம் முடித்து, இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் வந்தானா என்று இன்னும் எங்களில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.